வீட்டில்தான் இருக்கிறேன், நிம்மதிதான் இல்லை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை. அம்மாவுக்கு எடுத்த பரிசோதனையின் முடிவு இன்னும் வரவில்லை. செய்தியைத் திறந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பெரும்பாலான நேரம் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் ஒரு வேலையும் ஓடவில்லை, சோம்பேறி ஆகிவிட்டோமோ என்று வேறு தோன்றுகிறது. கடைசியாக இப்படிக் கேட்கிறார்: "செடிக்குத் தண்ணீர் ஊற்று, அலமாரியை அடுக்கு, மனசு லேசாகும் என்கிறார்கள். கேட்டாலே எரிச்சலாக வருகிறது. உண்மையிலேயே இதில் ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா சொல்கிறார்களா?"

எரிச்சல் வருவது நியாயம்தான். அலமாரியை அடுக்கினால் வேலை நிலைத்துவிடாது, பரிசோதனை முடிவும் மாறிவிடாது. ஆனால் அந்த அறிவுரைக்கு அடியில் சரியான விஷயம் ஒன்று இருக்கிறது. அது ஏன் சரி என்பதைச் சொல்லாமல் விடுவதால்தான் வெறும் ஒப்புக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. அந்த 'ஏன்' புரிந்தால், எந்த வீட்டு வேலை உங்களுக்கு உதவும், எது உதவாது என்பதை நீங்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்களை இப்போது படுத்தி எடுப்பது கெட்ட செய்தி அல்ல, இன்னும் வராத செய்தி. இரண்டும் ஒன்றல்ல. 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரை ஒரு கணினி விளையாட்டு ஆட வைத்தார்கள். திரையில் கற்கள் இருக்கும். ஒவ்வொரு கல்லாகப் புரட்ட வேண்டும், அடியில் பாம்பு இருக்குமா இருக்காதா என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு மின் அதிர்ச்சி. ஆடியவர்களின் வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து பார்த்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று வாய்ப்பு பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் படபடப்பு உச்சத்தில் இருந்தது. அடி விழும் என்று தெரிந்துவிட்டால் உடம்பு அதற்கு ஏதோ ஒரு விதத்தில் தயாராகிவிடுகிறது. விழுமா விழாதா என்று தெரியாதபோது எதற்குத் தயாராவது? "எதுவானாலும் சொல்லித் தொலையுங்கள்" என்று மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவர்கள் முனகுவது பொறுமை இல்லாமல் அல்ல.

மூளை சும்மா இருக்கும்போதுகூட அடுத்து என்ன நடக்கும் என்று கணித்துக்கொண்டே இருக்கிறது. கணித்தது நடந்தால் காவலைக் கொஞ்சம் தளர்த்தும். நடக்காவிட்டாலோ, கணிக்கவே முடியாவிட்டாலோ காவலைக் கூட்டும். இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் கூடும், தூக்கம் மெலியும். உங்கள் வாழ்க்கையின் இரண்டு பெரிய கணிப்புகள், வேலையும் அம்மாவும், ஒரே நேரத்தில் தொங்கலில் இருக்கின்றன. அதனால் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் ஓய்வில் இல்லை. வீட்டில் இருப்பதும் ஓய்வில் இருப்பதும் வேறு வேறு.

வீட்டால் அந்தப் பெரிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் முடிந்தது ஒன்றுதான்: சின்னச் சின்னக் கணிப்புகளை வரிசையாகப் பலிக்க வைப்பது. இதைத் தொட்டேன், இப்படி ஆகும் என்று நினைத்தேன், அப்படியே ஆயிற்று, முடிந்தது. இந்த 'முடிந்தது' என்பதுதான் விஷயமே. வீட்டு ஆறுதல் என்றால் மெத்தென்ற போர்வை, மணக்கும் மெழுகுவர்த்தி, அழகான மூலை என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை, பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பதற்றத்தில் இருக்கிற உடம்புக்கு அழகைவிட, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலைதான் அதிகம் உதவுகிறது என்பது என் முடிவு.

பாத்திரம் கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கும் பிடிக்காத வேலை, எனக்கும்தான். ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கையில் ஒரு தட்டு. அடியில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. தண்ணீர் படுகிறது, வெதுவெதுப்பாக இருந்தால் தோள் வரை அது தெரிகிறது. நுரை வைத்துத் தேய்க்கும்போது முதலில் சொரசொரப்பு, அப்புறம் வழுவழுப்பு. கண்ணால் பார்க்காமலே விரல் சொல்லிவிடும், போய்விட்டது என்று. அலசினால் நுரை வழிந்து கீழே இறங்கும், தட்டு பளிச்சென்று ஆகும், சாய்த்து வைப்பீர்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஒரு பிரச்சினை தொடங்கி, கை வைத்து, பலன் தெரிந்து, தீர்ந்துவிட்டது. அடுத்த தட்டு. தொட்டியில் இருந்தது குறைகிறது, சாய்த்து வைத்தது கூடுகிறது. நாள் முழுக்க உங்கள் தலைக்குள் ஓடும் எந்தக் கவலையும் இந்த மாதிரி ஒரு முடிவைக் காட்டுவதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 51 மாணவர்களைப் பாத்திரம் கழுவச் சொன்னார்கள். ஒரு பாதிக்கு, தண்ணீரின் சூடு, சோப்பின் மணம், கையில் படும் பாத்திரம் இவற்றில் கவனம் வைக்கச் சொல்லும் ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு பாதிக்கு, பாத்திரத்தைச் சரியாகக் கழுவுவது எப்படி என்ற குறிப்பு. கவனத்தோடு கழுவியவர்கள் பதற்றம் 27 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள், மற்றவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. சின்ன ஆய்வு, பெரிதாகக் கொண்டாட வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கழுவிக்கொண்டே அலுவலகத்தில் வேலைக் குறைப்புப் பட்டியலில் யார் பெயர் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தால், கை கழுவும், உடம்பு காவல் காக்கும், பலன் பாத்திரத்துக்கு மட்டும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு செய்தி அலசலைக் கேட்டபடி கழுவினாலும் அதே கதைதான்.

பதற்றத்தில் இருப்பவர்கள் தானாகவே இப்படிப்பட்ட அசைவுகளை நாடுகிறார்கள் என்பதற்கும் சான்று உண்டு. மார்ட்டின் லாங் என்பவரும் அவரது சகாக்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சிலரிடம் ஒரு அலங்காரப் பொருளைக் கொடுத்து, இதைப் பற்றி நிபுணர் முன்னால் பேச வேண்டும் என்று சொல்லி வயிற்றில் புளியைக் கரைத்தார்கள். பேசுவதற்கு முன் அந்தப் பொருளைத் துணியால் துடைக்கச் சொன்னார்கள். பயம் கூடக் கூட, கையின் அசைவு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதாக மாறியது. மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி முதல் உலகப்போர்க் காலத்தில் நியூ கினியாவை ஒட்டிய டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தபோது வேறு வகையில் இதையே பார்த்தார். அமைதியான காயலுக்குள் மீன்பிடிக்கப் போகிறவர்கள் எந்தச் சடங்கும் செய்வதில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போதுதான் விரிவான சடங்குகள். கடலை மாற்ற முடியாது. கை செய்வதை மட்டும் முறைப்படுத்தலாம். மனிதர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது அதைத்தான்.

அடுத்து அந்த 'சோம்பேறி' விஷயம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பலர் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டு நிலைமையை மோசமாக்கிக்கொள்வது இங்கேதான். 1967-இல் உளவியலாளர்கள் செலிக்மனும் மேயரும், தப்பிக்க வழியில்லாத துன்பத்துக்கு ஆளான விலங்குகள் பிறகு வழி இருக்கும்போதும் முயற்சி செய்யாமல் சோர்ந்து கிடப்பதைக் காட்டினார்கள். கையாலாகாத்தனம் கற்றுக்கொள்ளப்படுகிறது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளை வைத்து அந்த விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட துன்பத்தில் சோர்ந்து அடங்கிப்போவதுதான் உடம்பின் இயல்பான எதிர்வினை, யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதைத்தான். தங்களுடைய புகழ்பெற்ற கொள்கையைத் தாங்களே திருத்திய அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும். உங்களுக்கு இதன் பொருள்: வாரக்கணக்கில் காத்திருக்கும் ஒருவர் படுத்தே கிடப்பது குணக்கேடு இல்லை. உடம்பு அதன் வழக்கப்படி நடக்கிறது. அதிலிருந்து எழுப்பிவிடுவது அறிவுரையோ வெட்கமோ அல்ல, நான் செய்தேன், அது நடந்தது என்ற சின்ன அனுபவங்கள்.

செடி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 1976-இல் உளவியலாளர்கள் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வில் இரண்டு தளங்களில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். ஒரு தளத்தில், செடியை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், உங்கள் அறை எப்படி இருக்க வேண்டும் என்பதும் உங்கள் முடிவு என்றார்கள். இன்னொரு தளத்தில், செவிலியர் தண்ணீர் ஊற்றுவார்கள், உங்களுக்கு வேண்டியதையெல்லாம் நாங்கள் கவனித்துக்கொள்கிறோம் என்றார்கள். செடி ஒன்றுதான். ஆனால் தாங்களே பார்த்துக்கொண்டவர்கள்தான் பிறகு கூடுதல் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். ஒரே இல்லத்தில் சிலரை வைத்துச் செய்த பழைய ஆய்வுதான் என்றாலும் பாடம் தெளிவு. பச்சை இலையைப் பார்ப்பதில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, அது பிழைத்திருப்பது உங்கள் கையில் என்பதில். அதனால் யாராவது உங்கள் வேலையையெல்லாம் பிடுங்கிக்கொண்டு "நீ சும்மா ஓய்வெடு" என்றால், அன்பாகவே மறுத்துவிடுங்கள். குறைந்தது ஒரு வேலையாவது உங்களிடம் இருக்கட்டும். அம்மாவுக்கும் இது பொருந்தும். உடம்பு இடம் கொடுக்கும் வரை, அவர் வழக்கமாகச் செய்கிற ஏதாவது ஒன்று அவரிடமே இருக்கட்டும்.

மனசு வந்தால் செய்வேன் என்று காத்திருக்க வேண்டாம். மனசு பின்னால்தான் வரும். இது வெறும் பேச்சு இல்லை, மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே ஒரு முறை இதன் மீதுதான் நிற்கிறது. முதலில் சின்னச் செயல்களை நேரம் குறித்துச் செய்வது, மனநிலை அதைத் தொடர்ந்து மாறுவது. 2016-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மனச்சோர்வு உள்ள 440 பேரில் ஒரு பகுதியினருக்கு இந்த எளிய முறையை இளநிலைப் பணியாளர்கள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு, எண்ணங்களைச் சீர்படுத்தும் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் எளிய முறை எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை.

சரி, நடைமுறையில் எதைச் செய்வது? பத்து, இருபது நிமிடத்தில் முடிகிற வேலை. கை ஈடுபடுகிற வேலை. முடிந்தது என்று கண்ணுக்குத் தெரிகிற வேலை. துவைத்த துணியில் ஒரு கூடை மடிப்பது, செருப்பு வைக்கும் இடத்தைத் துடைப்பது, அறுந்த பித்தானைத் தைப்பது, ஒரு இழுப்பறை. ஒரே ஒரு இழுப்பறை. பதற்றத்தில் இருப்பவர்கள் திடீரென்று ஒரு நாள் வீறுகொண்டு எழுந்து வீட்டையே புரட்டிப் போடுவார்கள். காலையில் எல்லா அலமாரியையும் காலிசெய்து கட்டில் மேல் கொட்டுவார்கள். மத்தியானம் பழைய புகைப்படம் ஒன்று கிடைக்கும், அதோடு வேகம் தீர்ந்துவிடும். இரவு படுக்க இடம் இருக்காது. தொடங்கிய வேலை நடுவில் நிற்பது, தொடங்காமலே இருப்பதைவிட மோசம். லாஸ் ஏஞ்சலிஸில் வேலைக்குப் போகும் தம்பதியரை வைத்து ஆய்வாளர்கள் சாக்ஸ்பியும் ரெபெட்டியும் செய்து 2010-இல் வெளியான ஆய்வு இதற்குப் பொருத்தமானது. தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, அடைசலாக இருக்கிறது, இன்னும் முடிக்க வேண்டியது இருக்கிறது என்ற தொனியில் பேசிய மனைவிகளுக்கு, நாள் போக்கில் இறங்க வேண்டிய கார்டிசால் அளவு சரியாக இறங்கவில்லை. பொருள் நிறைய இருப்பதைவிட 'முடியாமல் கிடக்கிறது' என்ற உணர்வுதான் தின்கிறது என்று நான் நினைக்கிறேன். முழு வீட்டையும் விட்டுவிடுங்கள். நீங்கள் அதிகம் பார்க்கும் ஒரே ஒரு பரப்பை, சாப்பாட்டு மேசையோ படுக்கைக்குப் பக்கத்துப் பலகையோ, இரவு படுக்கப் போகும் முன் காலியாக்கி வையுங்கள். மற்ற இடங்கள் எப்படியோ இருக்கட்டும்.

இதோடு, நாளுக்கு இரண்டு முனைகளைக் கட்டிப்போடுங்கள். காலையில் எழும் நேரம் ஒன்று. எத்தனை மணிக்குத் தூங்கினாலும், விடுமுறை ஆனாலும் அதே நேரம். எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்சம் நில்லுங்கள், வாசலோ மாடியோ ஜன்னலோரமோ. மேகமூட்டமான நாளில்கூட வெளியில் ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். விளக்கு போட்ட அறைக்குள் பெரும்பாலும் சில நூறுதான். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இன்னொரு முனை இரவு. ஏதாவது ஒரே வரிசையில் நான்கு காரியம்: சமையலறையைத் துடைப்பது, மறுநாளுக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, கதவைப் பூட்டுவது, விளக்கை அணைப்பது. நடுவில் நாள் எப்படிப் போனாலும், தொடக்கமும் முடிவும் தெரிந்ததாக இருக்கும்.

கவலைக்கும் இடம் கொடுங்கள், விரட்ட வேண்டாம். நினைக்காதே என்றால் அதுதான் நினைவுக்கு வரும். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்க்கோவெக்கும் சகாக்களும் 1983-இல் சோதித்துக் காட்டிய முறை எளிமையானது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. கவலைப்படுவதற்கென்றே. மற்ற நேரத்தில் வந்தால், "சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வார்த்தை எழுதி வைத்துவிட்டுக் கையில் இருப்பதற்குத் திரும்புவது. அந்த இடம் படுக்கையாக இருக்கக் கூடாது. அந்த அரை மணியில் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு கவலைக்கும் எதிரே, இது எப்போது தெரியவரும் என்று எழுதுங்கள். பாதிக்குத் தேதி இருக்கும். அம்மாவின் பரிசோதனை முடிவு வரும் நாள் தெரிந்ததுதான், அதற்கு முன்னால் நீங்கள் எவ்வளவு யோசித்தாலும் தாளில் ஒரு வரி கூடப்போவதில்லை. வேலை விஷயத்துக்குத் தேதி இல்லை என்றால் இந்த வாரம் செய்ய முடிந்தது எது என்று எழுதுங்கள்: விண்ணப்பத்தைப் புதுப்பிப்பது, தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிடுவது, கையிருப்பு எத்தனை மாதம் வரும் என்று கணக்குப் பார்ப்பது. இந்தக் கணக்கைப் பலர் பயத்தில் தள்ளிப்போடுகிறார்கள். கெட்ட எண்ணாக வந்தாலும் அது ஒரு எண். பாம்பு இருக்கிறதா இல்லையா என்ற நிலையைவிட அது எவ்வளவோ மேல்.

தூக்கம் வராதவர்களுக்கு இன்னொன்று. 2018-இல் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், நாளையும் அடுத்து வரும் நாட்களிலும் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், அதுவரை செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். "வங்கி" என்று எழுதுவதைவிட "காலையில் வங்கிக்குப் போய்க் கணக்கு விவரம் வாங்க வேண்டும்" என்று எழுதுவது நல்லது.

செய்தி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு எடுத்த ஆய்வில், அடுத்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அது பற்றிய செய்தியில் மூழ்கியவர்களின் மன உளைச்சல், சம்பவ இடத்தில் இருந்தவர்களுடையதைவிட அதிகமாக இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, நேரம் வைத்துப் பாருங்கள். படுக்கையறைக்குள் வேண்டாம். அவ்வளவுதான்.

வீடு என்றால் சுவர் மட்டுமில்லை, கூட இருப்பவர்களும்தான். உளவியலாளர் ஜேம்ஸ் கோன் 2006-இல் நல்ல மணவாழ்க்கை நடத்தும் 16 பெண்களின் மூளையை, மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்துவிட்டுப் படமெடுத்தார். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்துக்கு மூளை காட்டும் எதிர்வினை தணிந்திருந்தது. முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்திருந்தபோதும் ஓரளவு தணிந்தது. உறவு எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவுக்குப் பலன் கூடியது. தனியாக இருக்கிறவர்கள் இதைப் படித்துச் சோர்ந்துவிட வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் ஒருவரோடு தொலைபேசியில் பத்து நிமிடம் பேசுவது, கையைப் பிடிப்பதற்குச் சமம் இல்லைதான், ஆனால் நாளில் நிச்சயமாக வரும் ஒரு மனிதக் குரல் அது. ஆறுதல் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. என்ன சமைத்தாய் என்று பேசினால் போதும்.

வீட்டில் குழந்தைகளோ பெரியவர்களோ இருந்தால், அவர்களிடம் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லத்தான் வாய் வரும். நமக்கே தெரியாத ஒன்றைச் சொல்கிறோம் என்பது குழந்தைகளுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக, "எனக்கும் தெரியாது. வியாழக்கிழமை தெரியும். இன்றைக்கு ராத்திரி வழக்கம் போலச் சாப்பிட்டுவிட்டுக் கதை படிக்கலாம்" என்றால் அதில் பொய் இல்லை, பிடித்துக்கொள்ளவும் ஏதோ இருக்கிறது. குடும்ப வழக்கங்களைப் பற்றி ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 32 ஆய்வுகளைப் பார்பரா ஃபீஸும் சகாக்களும் 2002-இல் தொகுத்துப் பார்த்தார்கள். சேர்ந்து சாப்பிடுவது, தூங்கப் போகும் நேரம் போன்ற வழக்கங்கள் குழந்தைகளின் உடல்நலத்தோடும் பெற்றோரின் தன்னம்பிக்கையோடும் தொடர்புடையவையாக வந்தன. நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவதும் இவைதான், "இப்போது இதுவா முக்கியம்" என்று.

ஆனால் இங்கே ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அந்த ஆறுதலை உண்டாக்குவது யார்? உலகத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி, உலகில் கூலியில்லாமல் நடக்கும் வீட்டு, பராமரிப்பு வேலை நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது. ஒருவருக்கு மாலையில் மனசை இலேசாக்கும் சுத்தமான மேசை, இன்னொருவருக்கு அன்றைய நான்காவது வேலை. நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருப்பவரிடம் போய்ப் பாத்திரம் கழுவினால் நிம்மதி வரும் என்று சொல்வதைவிடக் கொடுமை வேறு இல்லை. வேலையில் ஆறுதல் வருவது அதை நீங்கள் தேர்ந்தெடுத்தால்தான், தலையில் விழுந்தால் அல்ல. அவருக்கு ஆறுதல், அந்த வேலையை வேறு ஒருவர் கேட்காமலே எடுத்துக்கொள்வது. உங்கள் வீட்டில் நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிச்சயமின்மையை அன்றாடத்தோடு கடந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க எனக்குப் பிடித்த ஆள் நெல்லா லாஸ்ட். இங்கிலாந்தில் பாரோ-இன்-ஃபர்னஸ் என்ற கப்பல் கட்டும் ஊரில் இருந்த இல்லத்தரசி. 1937-இல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் என்ற அமைப்பு, சாதாரண மக்களை நாட்குறிப்பு எழுதி அனுப்பக் கேட்டது. 1939-இல் போர் தொடங்கியபோது, 49 வயதில், இவர் எழுத ஆரம்பித்தார். இளைய மகன் ராணுவத்துக்குப் போனான். 1941-இல் ஊர்மேல் குண்டு விழுந்து வீடும் சேதமானது. அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது? பயம் இருக்கிறது, அழுகை இருக்கிறது. கூடவே கோழி வளர்த்தது, துணிப் பொம்மை தைத்தது, கிடைத்ததை வைத்து மேசையை ஒழுங்காக வைத்தது எல்லாம் வரிக்கு வரி இருக்கிறது. தைரியசாலியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பயமும் தையலும் ஒரே நாளில் நடந்தன, அவ்வளவுதான். போர் முடிந்தும் நிறுத்தவில்லை, 1966 வரை எழுதினார்.

இனி ஒரு எச்சரிக்கை. வீட்டு வேலை ஆறுதலாகவும் இருக்கலாம், ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. துணி மடித்து முடித்தபின், செய்ய வேண்டிய அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்ய முடிகிறதா? முடிந்தால் அது ஆறுதல். அழைப்பைத் தள்ளிப்போடத்தான் இன்னும் ஒரு கூடை துணியைத் தேடுகிறீர்கள் என்றால் அது வேறு. அதேபோல, சமையலறையை ஒரு முறை துடைத்தால் முடிந்தது என்று தோன்ற வேண்டும். துடைத்தபின்பும் போதவில்லை, பூட்டிய கதவை மீண்டும் மீண்டும் போய் இழுத்துப் பார்க்க வேண்டும், செய்யாவிட்டால் ஏதோ நடந்துவிடும் என்று பயமாக இருக்கிறது என்றால், அமைதி தர வேண்டிய வழக்கமே கட்டிப்போட ஆரம்பித்துவிட்டது. அதற்குச் சிகிச்சை உண்டு, நன்றாகவே பலன் தரும் சிகிச்சை. வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்குள்ளேயே அடிக்கிறவர், மிரட்டுகிறவர் இருந்தால் இந்தப் பதிலில் எதுவும் பொருந்தாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பான இடமும் நம்பகமான ஆளும்தான். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனசு இருண்டே இருக்கிறது, சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டது, எதிலும் பிடிப்பில்லை என்றாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், அன்றே உதவி தேடுங்கள்.

கடைசியாக அம்மாவின் பரிசோதனை முடிவு வாங்கும் நாள். மருத்துவரிடம் கேட்க வேண்டியதை முதல் நாள் இரவே தாளில் எழுதி, பையில் வைத்துவிடுங்கள். அந்த அறைக்குள் சொல்லப்படுவதில் பாதி காதில் விழாது, அதனால் கூடவே இன்னொருவர் வந்து குறித்துக்கொள்வது நல்லது. வீட்டுக்குத் திரும்பியபின் செய்வதற்கு அம்மாவும் நீங்களும் சேர்ந்து செய்கிற ஒரு சாதாரண வேலையை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு எப்படி வந்தாலும் அன்று சாயங்காலம் என்ற ஒன்று வரும், அப்போது என்ன செய்வது என்று யோசிக்கும் தெம்பு இருவருக்கும் இருக்காது.